நிலவறையைத் துண்டு துண்டாகக் கட்டுவது: மினியேச்சர் ஆட்டத்துக்கு மாடுலர் டைல்கள், அடிப்படையிலிருந்து

மேசை மேல் கட்டம் போட்ட ஒரு தாளை விரித்து, மார்க்கரால் நான்கு கோடு இழுத்து, "இது அறை, இந்தப் பக்கம் கதவு" என்று சொல்லி ஆடுவதில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் கதைமாந்தர்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் 1974-இல் வெளிவந்த காலத்திலிருந்து தாளும் பென்சிலும் வைத்தே நிறையப் பேர் ஆடுகிறார்கள். ஆனாலும் பெயின்ட் அடித்த ஒரு குட்டி வீரன் பொம்மை, அதாவது ஒரு மினியேச்சர், கல் பாவிய தரையில் நிற்கும்போது, அவனுக்கு முன்னால் சுவர் முடிந்து இருட்டான ஒரு திருப்பம் தொடங்கும்போது, மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். அதைப் பார்ப்பதற்காகத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

சரி, மாடுலர் என்றால் என்ன? ஒரு நிலவறையை முழுசாக, ஒரே பலகையில் கட்டிவிட்டால் பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் அது ஒரே ஒரு நிலவறை. அடுத்த வாரம் கதை வேறு இடத்துக்குப் போனதும் அது மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும். அதே உழைப்பைச் சின்னச் சின்ன தரைத் துண்டுகளாகவும் சுவர்த் துண்டுகளாகவும் பிரித்துச் செய்தால், இன்று அரசனின் கல்லறை, அடுத்த வாரம் சிறைக்கூடம், அதற்கடுத்து வெள்ளம் புகுந்த சுரங்கம் என்று எதை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். இதில் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். நீங்கள் இன்று வெட்டும் டைல், 2 வருடம் கழித்து வெட்டப்போகும் டைலோடும் பொருந்த வேண்டும். அளவு, சுவர், நிறம் என்று கீழே நான் சொல்லும் எல்லா முடிவுக்கும் காரணம் இதுதான்.

முதலில் அளவு. இந்த வகை ஆட்டங்களில் தரையில் 1 இன்ச் என்பது கதையில் 5 அடி. பெரும்பாலான மனித உருவ மினியேச்சர்கள் 28 மி.மீ. அளவில் செய்யப்பட்டவை, அவற்றின் காலடியில் இருக்கும் வட்டம் 25 மி.மீ. அகலம். 1 இன்ச் என்பது 25.4 மி.மீ. என்பதால் ஒரு கட்டத்துக்குள் ஒரு மினி கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஓகர் போன்ற பெரிய உருவங்களுக்கு 50 மி.மீ. வட்டம் வரும், அவை 2-க்கு 2 இன்ச் இடத்தை எடுத்துக்கொள்ளும். நிலவறை வரைபடங்களில் நடைபாதைகள் பெரும்பாலும் 10 அடி அகலம், அதாவது 2 கட்டம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அடிப்படை டைல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தானாகவே வந்துவிடுகிறது: 2-க்கு 2 இன்ச். 1 இன்ச் டைல் ரொம்பச் சின்னது, கை பட்டாலே நகரும், நூற்றுக்கணக்கில் வெட்ட வேண்டியிருக்கும். 3 இன்ச் டைலைச் சிலர் விரும்புகிறார்கள், பெரிய அறைகளுக்கு அது வசதியாக இருந்தாலும் 2 கட்ட நடைபாதை வரும்போது கையைக் கட்டிப்போட்டுவிடும். 2 இன்ச் என்று வைத்துக்கொண்டால் பின்னால் 2-க்கு 4, 4-க்கு 4 என்று பெரிய துண்டுகளைச் சேர்த்தாலும் எல்லாம் ஒன்றோடு ஒன்று இசைந்து போகும்.

உயரத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எல்லாத் தரை டைலும் அரை இன்ச் தடிமன் என்று வைத்தால், கடைசி வரை அரை இன்ச்தான். ஒன்று மேலே ஒன்று கீழே என்று இருந்தால் மினி சாய்ந்து நிற்கும், பார்க்கவும் உடைந்த நடைபாதை மாதிரி இருக்கும்.

அடுத்தது சுவர். ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் யோசிக்காமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்தும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, தரை டைலின் ஓரத்தில் சுவரை ஒட்டிவிடுவது. செய்து பாருங்கள்: 2 கட்ட அகலமுள்ள நடைபாதை, அதாவது 2 இன்ச். இரண்டு பக்கமும் கால் இன்ச் தடிமனில் சுவர் வைத்தால் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை இன்ச், 38 மி.மீ. இதில் 25 மி.மீ. வட்டம் கொண்ட இரண்டு மினிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே முடியாது. விதிப்படி இரண்டு பேர் நிற்கலாம், மேசையில் இடமில்லை. சண்டை நடக்கும்போது ஒவ்வொரு முறையும் "இவர் இந்தக் கட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டி வரும்.

அதனால் நான் சொல்வது, தரையைத் தரையாகவே விடுங்கள், சுவரைத் தனித் துண்டாகச் செய்து தரைக்கு வெளியே, மேசையின் மேலேயே நிறுத்துங்கள். சுவரின் தடிமன் அரை இன்ச். ஏன் அரை? இரண்டு அறைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ஒவ்வோர் அறையின் சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், அரையும் அரையும் சேர்ந்து 1 இன்ச், சரியாக ஒரு கட்டம். அப்படியானால் அடுத்த அறை கட்டக் கணக்கிலிருந்து விலகாது. இதுவே மூன்றில் ஒரு பங்கு இன்ச் என்று ஏதாவது வைத்தால், நேராகப் போகும் நிலவறையில் ஒன்றும் தெரியாது, ஆனால் நடைபாதை ஒரு சுற்றுச் சுற்றி முதல் அறைக்கே திரும்பி வரும்போது பார்த்தால் கட்டத்தோடு பொருந்தாத ஓர் இடைவெளி வாய் பிளந்து நிற்கும். இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள அந்த 1 இன்ச் இடத்தில் கதவு வைக்க, 2 இன்ச் அகலமும் 1 இன்ச் ஆழமும் கொண்ட ஒரு குட்டித் தரையின் மேல் கதவு நிலையை ஒட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை அறையோடு நேரடியாகச் சேரும் இடத்தில் இது கூடத் தேவையில்லை, சுவரில் 2 இன்ச் இடைவெளி விட்டால் போதும், தரை நேராக உள்ளே ஓடிவிடும்.

சுவர் தரைக்கு வெளியே நிற்பதால் ஒவ்வொரு மூலையிலும் அரை இன்ச் சதுரத்தில் ஒரு ஓட்டை விழும். அதே அளவில் ஒரு தூண் செய்து, சுவரைவிடக் கொஞ்சம் உயரமாக விட்டு, அங்கே வைத்துவிடுங்கள். ஓட்டையும் மறையும், அறைக்கு ஒரு கம்பீரமும் வரும். எனக்கு இந்த மூலைத் தூண்கள் மேல் தனிப் பிரியம் உண்டு.

சுவரின் உயரத்தைப் பொறுத்தவரை, கீழிருந்து ஒன்றரை இன்ச் போதும் என்பது என் முடிவு. அதில் அரை இன்ச் தரையின் தடிமனுக்குப் போய்விடும், தரைக்கு மேலே 1 இன்ச் மிஞ்சும், 28 மி.மீ. வீரனின் தலை சுவருக்கு மேலே லேசாகத் தெரியும். உயரமான சுவர்கள் படம் எடுக்க அழகு. ஆனால் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது, அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டும். தனித் துண்டுகளாக இருப்பதில் இன்னொரு நன்மை, ஆட்டக்காரர்கள் பக்கமுள்ள சுவரை வைக்காமலே விட்டுவிடலாம்.

இப்போது பொருள். இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது எக்ஸ்பிஎஸ் ஃபோம். கட்டடங்களில் வெப்பம் புகாமல் இருக்கப் போடும் கெட்டியான பலகை அது, தயாரிப்பவரைப் பொறுத்து இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறம் மாறும். தெர்மாகோலுக்கும் இதற்கும் வேதிப்பொருள் ஒன்றுதான், பாலிஸ்டைரீன், ஆனால் தெர்மாகோல் குட்டி மணிகளை அழுத்திச் செய்தது, வெட்டினால் மணி மணியாக உதிரும், அதில் கல்லின் கோடு வராது. எக்ஸ்பிஎஸ் உள்ளே நுண்ணிய அறைகளாக ஒரே சீராக இருப்பதால் பேனாவால் கோடு இழுத்தாலே தங்கிவிடும். பலகையின் மேல் பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருந்தால் முதலில் உரித்துவிடுங்கள், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. எக்ஸ்பிஎஸ் கிடைக்கவில்லை என்றால் அட்டையிலும் செய்யலாம். பல அடுக்கு அட்டையை ஒட்டி, மேலே கனமான தாளில் கல் கல்லாக வெட்டி ஒட்டினால் நன்றாகவே வரும். ஈரப் பெயின்ட் ஒரு பக்கம் மட்டும் பட்டால் அட்டை வளையும், ஆகவே அடியிலும் ஒரு கோட் அடித்து, காய்ந்த பிறகு மேலே கனமான புத்தகங்களை வைத்து அழுத்தி வையுங்கள்.

வெட்டும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: ஒவ்வொரு டைலையும் தனித்தனியாக அளந்து வெட்டாதீர்கள். நான் முதலில் செய்த டைல்களை அப்படித்தான் வெட்டினேன், பென்சிலால் கோடு போட்டு, கட்டரால் ஒவ்வொன்றாக. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் 2 இன்ச்தான். ஒரு டைலில் அரை மி.மீ. கூடினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 12 டைல்களை வரிசையாக அடுக்கும்போது அந்த அரை அரையாகச் சேர்ந்து 6 மி.மீ. ஆகிவிட்டது. பக்கத்து வரிசையில் பிழை எதிர்ப்பக்கம் போயிருந்தால் இரண்டு வரிசையும் எங்கேயுமே சேராது. அந்தத் தொகுப்பு முழுவதையும் நான் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது.

தீர்வு எளிது. வெட்டும் பலகையில் ஒரு நேரான சட்டத்தை, கத்தி ஓடும் இடத்திலிருந்து சரியாக 2 இன்ச் தூரத்தில், அசையாமல் பொருத்துங்கள். ஃபோமைச் சட்டத்தில் முட்டவைத்து முதலில் நீளமான பட்டைகளாக எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள், பிறகு அதே சட்டத்தை நகர்த்தாமலே பட்டைகளைத் திருப்பிவைத்துச் சதுரங்களாக வெட்டுங்கள். இப்படிச் செய்தால் அளவு உண்மையில் 2.02 இன்ச் என்று ஆகிப்போனாலும் எல்லா டைலும் ஒரே மாதிரி 2.02 ஆக இருக்கும், அது பரவாயில்லை. சதுரமாக வெட்டும்போது பட்டை சட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம், இல்லாவிட்டால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். 12-க்கு 24 இன்ச் பலகையில் கணக்குப்படி 72 டைல் வரும், ஓரங்களில் சேதாரம் போக 60-க்கு மேல் நிச்சயம் தேறும். முதலில் வெட்டிய டைலின் அடியில் "மாதிரி" என்று எழுதிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போது வெட்டினாலும் சட்டத்தை அந்த மாதிரியை வைத்தே பொருத்துங்கள், ஸ்கேலை நம்ப வேண்டாம்.

பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டப் பார்க்காமல், பிளேடை நன்றாகப் படுக்க வைத்து மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள், விரல்கள் எப்போதும் கத்தி போகும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். சூடான கம்பியால் வெட்டும் கருவி இருந்தால் வேலை மிக வேகமாகவும் நேராகவும் முடியும், ஆனால் அதிலிருந்து வரும் புகை நல்லதில்லை, ஜன்னலைத் திறந்துவைத்து காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூளுக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கல் வடிவம் கொண்டுவருவது இந்த வேலையிலேயே மனதுக்கு நிறைவான பகுதி, அதைவிட எளிதான பகுதியும் இல்லை. டைலின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் ஒரு கோடு, அதாவது நான்கு 1 இன்ச் கட்டம். முதலில் பென்சிலால் லேசாக, அப்புறம் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி. பிறகு டைலின் நான்கு வெளி ஓரங்களையும் அதே பேனாவின் பக்கவாட்டால் சரிவாக அழுத்திவிடுங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இரண்டு டைல் சேரும்போது இரண்டு சரிவும் சேர்ந்து இன்னொரு பள்ளக்கோடு போலத் தெரியும், டைலுக்கு டைல் உள்ள இணைப்பும் கல்லுக்குக் கல் உள்ள இணைப்பும் ஒன்று போலாகிவிடும். எது எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்கே தெரியாது. சில கட்டங்களை இரண்டு மூன்று கற்களாகப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் 1 இன்ச் கோடு மட்டும் அழியக்கூடாது, ஆட்டத்தில் எண்ணுவதற்கு அது வேண்டும்.

கடைசியாக, அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி டைல் மேல் அழுத்தி உருட்டுங்கள். அவ்வளவுதான், கல் வந்துவிட்டது. முதல் முறை பார்க்கும்போது நம்பவே முடியாது. அங்கங்கே ஒரு கல்லின் மூலையைப் பேனா முனையால் உடைத்துவிட்டு, ஒன்றிரண்டு விரிசல் கீறி, ஒரு கல்லை மட்டும் கட்டை விரலால் கொஞ்சம் உள்ளே அமுக்கிவிடுங்கள். எல்லா டைலிலும் விரிசல் போட ஆசை வரும், கையைக் கட்டுப்படுத்துங்கள், 5 டைலுக்கு ஒன்றில் இருந்தால்தான் அது பழைய தளமாகத் தெரியும்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை அல்லது குறைந்த சூட்டில் வேலை செய்யும் ஹாட் க்ளூ. சூடு கூடினால் ஃபோம் உருகும். சாதாரண சூப்பர் க்ளூ ஃபோமை அரித்துவிடும், அதன் பக்கமே போகாதீர்கள். ஸ்பிரே பெயின்டும் அப்படியே. அதிலிருக்கும் கரைப்பான் பட்டால் நீங்கள் மணிக்கணக்கில் அழுத்திய கல் எல்லாம் குழிகுழியாகக் கரைந்து போகும்.

பெயின்டுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் போதும். முதல் கோட் கறுப்பு, அதில் பாதிக்குப் பாதி வெள்ளைப் பசை கலந்து, பள்ளங்கள், பக்கங்கள், அடி என்று ஓர் இடம் விடாமல் அடியுங்கள். இதுதான் நிறமும் கவசமும், காய்ந்த பிறகு ஃபோமுக்கு ஒரு கெட்டியான தோல் கிடைக்கும், நகம் பட்டாலும் தாங்கும். ஓர் இரவு முழுக்கக் காயட்டும். அடுத்து அடர் சாம்பல், பள்ளத்துக்குள் போகாமல் மேற்பரப்பில் மட்டும். அது காய்ந்ததும் சில கற்களுக்கு மட்டும் பழுப்பு, பாசி நிறம் என்று மெல்லிய சாயம். கடைசியில் வெளிர் சாம்பலை ட்ரை பிரஷ் முறையில்: தூரிகையைப் பெயின்டில் தொட்டு, ஒரு துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, அந்த வறண்ட தூரிகையால் டைல் மேல் வேகமாக, லேசாகத் தடவ வேண்டும். மேடான இடங்களில் மட்டும் நிறம் பிடித்து, ஃபாயில் பதித்த ஒவ்வொரு சொரசொரப்பும் எழுந்து நிற்கும். நிறங்களைக் கலந்து உருவாக்காமல் புட்டியில் இருப்பதை அப்படியே பயன்படுத்துவது நல்லது, எந்தப் புட்டி, எந்த வரிசை என்று ஓர் அட்டையில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். கண் அளவில் கலந்த சாம்பல் அடுத்த வருடம் திரும்ப வரவே வராது, புது டைல் பழைய தளத்தின் நடுவில் ஒட்டுப்போட்ட துணி மாதிரித் தெரியும்.

ஃபோம் எடை குறைவு, அதனால் மேசையில் நகரும். இதற்குக் காந்தம் வைத்து இணைப்பவர்கள் உண்டு. ஆனால் காந்தத்துக்கு வடக்கு தெற்கு உண்டே, ஒரு டைலைத் திருப்பி வைத்தால் ஒட்டுவதற்குப் பதில் தள்ளிவிடும், எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தோடும் சேர வேண்டும் என்ற நம் நோக்கமே அடிபட்டுவிடும். உள்ளே சுழலும்படி காந்தத்தைக் குழிக்குள் தளர்வாக விடும் உத்தியும் இருக்கிறது, முதல் தொகுப்புக்கு அவ்வளவு வேலை வேண்டாம். மேசையில் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு ஒன்றைப் போட்டால் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

தூண், உடைந்த பெட்டி, எலும்புக்குவியல், பலிபீடம் எதையும் டைல் மேல் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். பலிபீடம் ஒட்டிய டைல் எப்போதுமே பலிபீட அறைதான். தனியாகச் செய்து மேலே வைத்தால் அதே டைல் சமையலறையாகவும் ஆகும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? அகலக்கால் வைக்காமல் 30 தரை டைலோடு தொடங்குங்கள். 6-க்கு 8 கட்டத்தில் ஓர் அறைக்கு 12, 6-க்கு 6 அறைக்கு 9, மீதி 9-இல் 18 கட்ட நீளத்துக்கு ஒரு நடைபாதை. சுவருக்கு 4 இன்ச் துண்டு 8, 2 இன்ச் துண்டு 8, மூலைத் தூண் 8, கதவுத் துண்டு 2. இரண்டு அறைகளுக்கும் சுவர் எழுப்ப இது போதும். ஆயத்தமாகவே வாங்க நினைப்பவர்களுக்கு டுவார்வன் ஃபோர்ஜ் 1996-இலிருந்து இத்தகைய டைல்களை விற்கிறது, ஹெர்ஸ்ட் ஆர்ட்ஸ் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றிச் செங்கல் செங்கலாகக் கட்டலாம், 3டி பிரின்டர் இருப்பவர்கள் ஓப்பன்ஃபோர்ஜ் கோப்புகளை அச்சிடலாம். எந்த வழியில் போனாலும் அந்தந்தத் தொகுப்புக்கு ஓர் அடிப்படை அளவு இருக்கும், கலப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், வெறும் ஃபோமாக இருக்கும்போதே, அவற்றை அடுக்கி ஒரு சண்டை ஆடிப் பாருங்கள். எந்தத் துண்டு குறைகிறது, எந்தச் சுவர் விழுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் ஆட்ட நாளில், ஒவ்வோர் அறைக்கும் வேண்டிய டைல்களை முன்கூட்டியே தனித்தனி அடுக்காகக் கட்டி உங்கள் பக்கத்தில், ஆட்டத்தை நடத்துபவர் தன் முன்னால் நிறுத்தும் மறைப்புத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் முதல் அறை மட்டும் இருக்கட்டும். யாராவது கதவைத் திறக்கிறேன் என்று சொன்ன பிறகு, அடுத்த அடுக்கை எடுத்து, கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பதை ஒரு டைல், இன்னொரு டைல் என்று அவர்கள் கண் முன்னால் மெதுவாக வையுங்கள்.